அட்டை மாசமும் கை மாசமும்

புதிதாகச் சேர்ந்திருக்கிற உதவி ஆசிரியர்கள் மூன்று பேருக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் கேட்டார். நல்ல வார்த்தைக்கு நாட்டில் என்ன பஞ்சம்? கேலண்டரைக் கிழித்தால் தினம் ஒன்று வருகிறது. என் கையில் இருப்பதெல்லாம் நான் பண்ணின கோளாறுகள்தான். அதில் பெரிய கோளாறு ஒன்றை எழுதுகிறேன். புரூஃப் திருத்துவது, பக்கம் கட்டுவதெல்லாம் உங்கள் ஃபோர்மன் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராததை மட்டும் நான் சொன்னால் போதும்.

இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் தமிழ் மாசிகையின் ஆபீஸ், கீழே அச்சுக்கூடம். ஆசிரியர் ராஜ்யத்துத் தலைமைச் செயலகமான ஹஜூர் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர், நாஞ்சில் நாட்டுக்காரர். அவருக்கு அடுத்தபடி நான். எனக்கு அடுத்தபடி யாரும் கிடையாது. வயசு இருபத்தாறு. தமிழ் முழுக்க என் மேசை வழியாகத்தான் போகிறது என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் பற்றி ஒரு சங்கதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொல்லப் போவது புரியாது. யுத்தத்தில் காகிதம் கிடைக்காது, கிடைத்தால் மை இருக்காது, இரண்டும் இருந்தால் கட்டுரை தருகிறேன் என்ற வித்வான் ஊரில் இருக்க மாட்டார். ஆடி இதழ் புரட்டாசியில் வரும், புரட்டாசி இதழ் கார்த்திகையில் வரும். ஆனால் அட்டையில் மட்டும் ஆடி, புரட்டாசி என்றே போடுவோம். வருஷத்துக்குப் பன்னிரண்டு இதழ் என்று சந்தாதாரருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மாசம் தவறாமல் வருகிற பத்திரிகைக்குத்தான் தபால் கட்டணத்திலும் சலுகை. அதனால் எத்தனை மாசம் பிந்தினாலும் அட்டையில் ஒரு மாசமும் விடுபடாது. எங்கள் பத்திரிகை மட்டும் இல்லை, தெற்கே வடக்கே எல்லோரும் இதையே செய்தார்கள். யாரும் இதைப் பொய் என்று நினைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் 'சுபமுகூர்த்தம் ஒன்பது மணிக்கு' என்று போட்டுவிட்டுப் பத்தே முக்காலுக்குத் தாலி கட்டுகிற மாதிரி, அது ஒரு நடைமுறை.

இன்னொரு நடைமுறை, பரிவர்த்தனைப் பிரதி. நாங்கள் எங்கள் இதழை மற்றப் பத்திரிகைகளுக்கு அனுப்புவோம், அவர்கள் அவர்களுடையதை அனுப்புவார்கள். வந்த இதழ்களின் பெயரையும் மாசத்தையும் கடைசிப் பக்கத்தில் 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பில், இருக்கிறதிலேயே சின்ன எழுத்தில், வரிசையாகப் போட்டு மரியாதை செய்வோம். அதை ஆசிரியர் படிக்க மாட்டார். சந்தாதாரர் படிக்க மாட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அதை எழுதுகிற நானே படிக்க மாட்டேன்.

எங்களுக்குக் கவிதை அனுப்புகிறவர்களில் ஞானப்பூ என்று ஒரு அம்மாள். தெற்கே நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், இங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். திருவிதாங்கூருக்குள் கடிதம் கொண்டு போக அப்போது தனியாக ராஜ்யத்து அஞ்சல் இருந்தது. அந்த அஞ்சலில் பள்ளிக்கூட விலாசம் எழுதி மாசம் ஒரு கவர் வரும். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. கவிதை நன்றாக இருந்தால் போடுவேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன். புரட்டாசி இதழில் அவர் கவிதை ஒன்றைப் போட்டிருந்தேன். வகுப்பில் ஆஜர் கூப்பிடும்போது பதில் வராமல் போகிற ஒரு பெண்ணின் பெயரைப் பற்றியது. பதினாறு வரி. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் புரட்டாசி இதழ் வெளிவந்தது கார்த்திகையில்.

தை மாசம் தாமிரபரணிக் கரையிலிருந்து வருகிற ஒரு மாசிகையின் ஆவணி இதழ் வந்தது. புரட்டுகிறேன், அதே பதினாறு வரி. ஒரு எழுத்து மாறவில்லை. கீழே ஒரு பண்டிதரின் பெயர்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நான் ரசித்துப் போட்ட கவிதை களவா? ஆவணி முந்தியா, புரட்டாசி முந்தியா? சின்னக் குழந்தை கூடச் சொல்லும். ஆவணி இதழ் தை மாசத்தில் ஏன் வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நானே புரட்டாசியைக் கார்த்திகையில் விற்றவன். ஆனால் பாருங்கள், தன் முதுகு தனக்குத் தெரியாது. பிரதியை லேட்டாக அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேனே ஒழிய, இதழையே லேட்டாக அடித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. மாசா மாசம் அட்டையில் பொய் மாசம் போடுகிறவன், அடுத்தவன் அட்டையைச் சத்தியப் பிரமாணம் மாதிரி நம்பினேன்.

அப்போது அச்சில் இருந்தது எங்கள் ஐப்பசி இதழ். குறிப்புகள் பகுதியில் 'இரவல் கவிதை' என்று தலைப்புப் போட்டு எட்டு வரி எழுதினேன். ஞானப்பூ அம்மாளின் பெயரைப் போட்டு, கவிதையின் பெயரைப் போட்டு, ஆவணியிலேயே ஒரு பண்டிதர் வெளியிட்ட பாட்டைத் தன் பாட்டாக நமக்கு அனுப்பி நம்மை ஏமாற்றினார் என்று எழுதினேன். 'இரவல் நகை மேனியில் நிற்காது. இரவல் கவி அச்சில் நிற்குமோ?' என்று முடித்தேன். அந்தக் கடைசி வரியை நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். ஆசிரியரும் படித்துவிட்டு, நல்லா குடுத்தீரு என்று சிரித்தார். இதழ் தை கடைசியில் போயிற்று.

மாசி பிறந்து முதல் சனிக்கிழமை பகல். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண், வெள்ளைப் புடவை, கையில் மடக்கின குடை, ஒரு துணிப்பை. என்ன வேண்டும் என்று கேட்டேன். எழுந்திருக்கக் கூட இல்லை.

"நான் ஞானப்பூ, ஸார். நீங்க திருடின்னு எழுதின ஆளு."

எழுந்துவிட்டேன். நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்கார்ந்தார். அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. நிதானமாக விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாகத் தற்காலிகம். வருகிற வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது, அதில் அவர் வேலையை நிரந்தரம் ஆக்குவதாக இருந்தது. இப்போது யாரோ ஒரு புண்ணியவான் என் எட்டு வரியைக் கத்தரித்து, பெயர் இல்லாமல், பள்ளிக்கூட மானேஜருக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அடுத்தவர் பாட்டைத் திருடுகிறவளிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று மானேஜர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் நிரந்தரமும் இல்லை, இருக்கிற வேலையும் இல்லை. ஊரில் அப்பா கண் தெரியாமல் இருக்கிறார், இவர் அனுப்புகிறதில்தான் வீடு நடக்கிறது. அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி அத்தோடு விட்டுவிட்டார்.

அப்புறம் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பத்திரிகைகளுக்கு அனுப்பின ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு வரி. பெயர், அனுப்பின நாள், எந்தப் பத்திரிகை, திரும்பி வந்ததா, அச்சானதா. கோடு போட்டுக் கட்டம் கட்டி, டீச்சர் கையெழுத்தில், ஒன்பது வருஷத்துக் கணக்கு. அச்சானவற்றுக்கு மட்டும் கடைசியில் இரண்டு கட்டம். ஒன்றில் 'அட்டை மாசம்', ஒன்றில் 'கை மாசம்'.

கை மாசம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"என் கைக்கு வந்த மாசம், ஸார். ரெண்டும் ஒண்ணா இருந்தது இதுவரைக்கும் இல்லை."

எங்கள் பத்திரிகைக்கு நேரே பார்த்தேன். அட்டை: புரட்டாசி. கை: கார்த்திகை. அதற்கு மேலே ஒன்று, அட்டை வைகாசி, கை ஆவணி. நான் அச்சாபீசுக்குள் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த ரகசியம் முழுக்க ஒரு பள்ளிக்கூட டீச்சரின் நோட்டில் மாசம் மாசமாக எழுதி இருந்தது. எனக்குக் காது சுட்டது.

நான் குற்றம் சாட்டின அந்த ஆவணி இதழை அவர் பார்த்ததே இல்லையாம், காட்ட முடியுமா என்று கேட்டார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முதலில் அந்தப் பக்கத்தைப் பிரித்துத் தன் பதினாறு வரியையும் படித்தார். வேறு ஒருவர் பெயருக்கு மேலே தன் பாட்டைப் படிக்கிறவர் முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவர் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். 'வரப்பெற்றோம்' பகுதியில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். எந்தெந்தப் பத்திரிகை இன்னும் உயிரோடு இருக்கிறது, யாருக்குக் கவிதை அனுப்பலாம் என்பதை அந்தப் பகுதியில்தான் தெரிந்துகொள்வாராம். ஒரு இடத்தில் விரல் நின்றது. இதழை என் பக்கம் திருப்பினார்.

எங்கள் பத்திரிகையின் பெயர். அதற்குப் பக்கத்தில்: புரட்டாசி இதழ்.

விளங்குகிறதா? அவர்களுடைய ஆவணி இதழ், எங்கள் புரட்டாசி இதழ் கைக்கு வந்த பிறகு அச்சாகியிருக்கிறது. அந்தப் புரட்டாசி இதழில்தான் அவர் கவிதை இருக்கிறது. எங்கள் இதழ் கார்த்திகையில் போயிருக்கிறது என்றால், அவர்களுடைய 'ஆவணி' கார்த்திகைக்கு முந்தி இருக்கவே முடியாது. சாட்சி என் அலமாரியிலேயே இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத்தான் நேரம் இல்லை.

"நீங்க எனக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம், ஸார்," என்றார். "இங்கேருந்து என் ஸ்கூல் கால் மணி நேர நடை."

வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவன் சும்மா இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. உடனே பேனாவை எடுத்துத் திருத்தம் எழுதினேன். எழுத எழுத வீரம் வந்துவிட்டது. 'உண்மைத் திருடர் யார்?' என்று தலைப்பு. பண்டிதர் எப்படி ஒரு அபலையின் கவியைக் கவர்ந்து, தன் பெயரைச் சூட்டி, அட்டை மாசத்தை முன்னே தள்ளி ஊரை ஏமாற்றினார் என்று விளாசியிருந்தேன். சத்தமாக வாசித்தும் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அவருக்குக் கார்டு போட்டுக் கேட்டீங்களா, ஸார்?"

தம்பிகளா, தங்கச்சிகளா, நான் முப்பது வருஷத்துக்கு மேலே இந்தத் தொழிலில் இருந்தேன். பெரிய வக்கீல்கள் எல்லாம் என்னை மிரட்டிப் பார்த்திருக்கிறார்கள். யார் சொல்லியும் எழுதினதை நான் திரும்ப எடுத்ததில்லை. வேலை போகப் போகிறது, பெயர் போய்விட்டது, போக்கினவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அந்த நிலைமையில், முன்னே பின்னே தெரியாத ஒருவருக்காகக் கேட்கிறார். நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது சிக்கல் என்னவென்று பாருங்கள். பண்டிதரைத் திருடர் என்று எழுதினால் சுலபம், நாலு வரியில் முடியும். எழுதக் கூடாது, ஏனென்றால் நமக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: இரண்டு அட்டையுமே பொய். அதைச் சொன்னால்தான் இவர் திருடவில்லை என்பது விளங்கும். அதைச் சொன்னால் எங்கள் பத்திரிகையின் மானமும் கூடவே போகும்.

சாயங்காலம் ஆசிரியர் வந்தார். டீச்சரும் அதுவரை காத்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு அவரும் வருத்தப்பட்டார், நல்ல மனுஷர்தான். அடுத்த இதழில் 'முன் வந்த குறிப்புக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்றார். அடுத்த இதழ் கார்த்திகை இதழ், பங்குனிக்கு முந்தி வராது என்று நான் சொன்னேன். கமிட்டி கூடுவது ஆறாம் நாள். சரி, மானேஜருக்குத் தானே ஒரு கடிதம் தருகிறேன் என்றார் ஆசிரியர். ஹஜூர் கச்சேரியில் இருந்தவருடைய கடிதம், தள்ள மாட்டார்கள். காரணம் எதுவும் எழுத வேண்டாம், தவறு நேர்ந்துவிட்டது என்று மட்டும்.

டீச்சர் எழுந்து நின்று பேசினார்.

"காரணம் சொல்லாத மன்னிப்பு தயவு மாதிரி இருக்கும், ஸார். உங்க தயவுல எனக்கு வேலை கிடைக்கலாம். ஆனா நான் திருடி, பெரிய மனுஷங்க பார்த்து விட்டுட்டாங்கன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. நான் எடுக்கலை. அது அச்சில வரணும்."

ஆசிரியர் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டு, என் மேல் பாய்ந்தார். "என்ன வே, ஊரான் அட்டையைத் தட்டினா நம்ம அட்டையும் கிழியுமே, தெரியாதா? நாளைக்கு எவனாவது நம்ம கடைசிப் பக்கத்தைத் திருப்பி எண்ண மாட்டானா? தபால்காரன் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சலுகை போனால் பத்திரிகை மூன்று மாசம் தாங்காது. கீழே அச்சுக்கூடத்தில் நாலு குடும்பம் பிழைக்கிறது. இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் நாலு குடும்பம் என்று எனக்கும் மனசு தராசு பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்ரீவராகத்தில் என் அறையில் படுத்துக் கிடந்தேன். யோசித்ததில் ஒன்று தெளிந்தது. பத்திரிகைக்கு வரப்போகிற ஆபத்து வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அந்த அம்மாளுக்கு வந்தது வந்தேவிட்டது, அதுவும் என் பேனாவால். வரலாம் என்கிறதையும் வந்துவிட்டதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. உங்களுக்கு இந்தக் கட்டுரையில் பாடம் என்று ஏதாவது வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் ஆசிரியரிடம் போய், திருத்தத்தைத் தனித் தாளாக உடனே அடிக்கலாம், பத்திரிகை சார்பில் வேண்டாம், எழுதினவன் நான், என் பெயரில் வரட்டும் என்றேன். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார். பிறகு, "உம்ம பேரு, உம்ம தலை. நான் பார்க்கலை," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பார்க்கவில்லை என்றாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். எனக்கு அது போதும்.

எழுதினது இவ்வளவுதான்: 'எமது ஐப்பசி இதழில் இரவல் கவிதை என்ற தலைப்பில் வந்த குறிப்பு தவறு. அக்கவிதை ஞானப்பூ அம்மாள் எழுதி எமக்கு அனுப்பியது. அது வந்த எமது புரட்டாசி இதழ் கார்த்திகை மாதத்திலேதான் அச்சாயிற்று. மற்றப் பத்திரிகையின் ஆவணி இதழ் அதற்கும் பிந்தி அச்சானது; எமது புரட்டாசி இதழ் வரப்பெற்றதாக அதன் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் வேறொருவர் பெயர் எவ்வாறு வந்தது என்பதை யாம் அறியோம். அட்டையிலுள்ள மாதத்தை நம்பி, அம்மையாரை ஒரு வார்த்தையும் கேளாமல், அக்குறிப்பை எழுதியவன் நான்.' கீழே என் பெயர்.

காகிதம் இல்லை. அட்டைக்கென்று வைத்திருந்த மஞ்சள் தாளைத் துண்டாக வெட்டினோம். ஃபோர்மன் குட்டன் பிள்ளை மலையாளி, தமிழ் அச்செழுத்தைத் தலைகீழாகப் பார்த்தே கோப்பவர். பெயருக்குக் கீழே தேதி போட இடம் விட்டிருந்தேன். எந்த மாசத்துத் தேதி என்று கேட்டார். நல்ல கேள்வி, எங்கள் ஆபீசில் கேட்க வேண்டிய கேள்விதான். இன்றைய தேதியே போடுங்கள் என்றேன்.

"இன்னத்தெயோ?" என்றார், நம்பாமல்.

செவ்வாய்க்கிழமைக்குள் சந்தாதாரர்கள் அத்தனை பேருக்கும் ராஜ்யத்துக்குள் அஞ்சலிலும் வெளியே தபாலிலும் போயிற்று. தாமிரபரணிக் கரைக்கும் ஒன்று, கூடவே பண்டிதருக்கு ஒரு கார்டு, விவரம் கேட்டு. கோட்டைக்குள் இருந்த சந்தாதாரர்களுக்கு நானே நடந்து கொண்டு போய்க் கொடுத்தேன். மானேஜருக்கும் நானேதான் கொடுத்தேன், இரண்டு இதழையும் கையில் எடுத்துக்கொண்டு. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, தாளைப் படித்து, இரண்டு கடைசிப் பக்கத்தையும் பார்த்து, என்னையும் பார்த்தார். எங்கள் பள்ளிக்கூட ஆஜர் புத்தகத்தில் இப்படி மாசம் போட்டால் என்ன ஆகும் என்று கேட்காமல் விட்டது அவர் பெருந்தன்மை. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடிற்று. டீச்சருக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று.

ஆசிரியர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. தபால் இலாகாவில் யாரும் அந்த மஞ்சள் தாளைப் படிக்கவே இல்லை போலிருக்கிறது. இரண்டு சந்தாதாரர் கோபித்துக்கொண்டு எழுதினார்கள். ஒருவர், எனக்கு முன்னாலேயே தெரியும், சும்மா இருந்தேன் என்று எழுதினார். ஆசிரியர் ஒரு மாசம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், கடைசிப் பக்கத்தில் அச்சான நாளையும் சின்னதாகப் போட்டுவிடும் என்று அவரே சொன்னார்.

பண்டிதரின் பதில் பங்குனியில் வந்தது. அவரும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான், எழுபது தாண்டினவர். மாசம் தவறாமல் அந்தப் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை நிரப்புகிறவர் அவராம். அந்த மாசம் அவர் எதுவும் அனுப்பவில்லை. ஆபீசில் இருந்தவர் எங்கள் இதழிலிருந்து பாட்டைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறார், பெயர் இருந்த ஓரம் கத்தரியில் போய்விட்டது, வழக்கமான பெயரைக் கீழே சேர்த்துவிட்டார்கள். பண்டிதர் எழுதியிருந்தார்: அச்சில் பார்த்தபோது நன்றாக இருக்கிறதே, இதை எப்போது எழுதினேன் என்று இரண்டு நாள் யோசித்தேன், இத்தனை எழுதினவனுக்கு எது நினைவிருக்கிறது, அந்த அம்மாளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். நான் கிழித்துப் போட்ட அந்த முதல் தாளை மட்டும் அச்சடித்திருந்தேன் என்றால், அந்தக் கிழவரின் கதி என்ன, என் கதி என்ன?

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். கால் மணி நேரம்தான், அவர் சொன்ன மாதிரியே. மதிய இடைவேளை, பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வராந்தாவில் நின்றே கடிதத்தைப் படித்தார். பண்டிதர் யோசித்த இடம் வந்தபோது சிரித்தார், பாவம் என்றார். எனக்கு மனசு லேசாயிற்று. எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி, அடுத்த இதழுக்குக் கவிதை அனுப்புங்கள், முதல் பக்கத்திலேயே போடுகிறேன் என்றேன்.

"எழுதறேன், ஸார். அனுப்பறது இல்லை."

கோபமா என்று கேட்டேன். கோபம் இருந்தால் நல்லதுதான், கொஞ்ச நாளில் தணியும்.

"கோபமெல்லாம் இல்லை. நீங்க பண்ணின தப்பை நீங்களே சரி பண்ணினீங்க, யார் பண்ணுவாங்க? ஆனா பாட்டை எழுதிக் கவர்ல வைக்கும்போது, இது என்னோடதுதான்னு நாளைக்கு யார்கிட்ட எப்படி நிரூபிக்கிறதுங்கற யோசனைதான் முதல்ல வருது. அந்த யோசனை வந்தப்புறம் கவரை ஒட்ட முடியலை, ஸார்."

மணி அடித்தது. அவர் வகுப்புக்குப் போனார்.

நான் விடவில்லை. வருஷத்துக்கு நாலு கார்டு போட்டுக் கேட்டேன். எல்லாக் கார்டுக்கும் மரியாதையாகப் பதில் வரும், சுகம் விசாரிப்பார், கவிதை இருக்காது. மற்றப் பத்திரிகைகளையும் துருவிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கடைசிப் பக்கம் வரைக்கும் போனேன். அவர் பெயர் எங்கேயும் இல்லை. யுத்தம் முடிந்தது, காகிதம் தாராளமாகக் கிடைத்தது, எத்தனையோ புதுப் பத்திரிகைகள் வந்தன. அவர் எதற்கும் அனுப்பவில்லை. ரிட்டயராகும் வரை அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். நல்ல டீச்சர் என்று அவரிடம் படித்த பெண்கள் சொல்லுவார்கள். கவிதை எழுதுவார் என்பது அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

அவர் பெயர் கடைசியாக அச்சில் வந்தது ஒரு மஞ்சள் தாளில். அதில் கவிதை இல்லை. அவர் திருடவில்லை என்று நான் எழுதினதுதான் இருந்தது.